சங்கிலிக் கணக்கு சொல்லித்தந்த ஐயாவுக்கு நன்றி

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வரைபட வரலாற்று ஆய்வுக்கு எனக்கு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. காரணமானவரின் பெயர்கூடத் தெரியாது.

போன தை மாதம், கோபிசெட்டிபாளையத்தில் டீக்கடை பெஞ்சு. பழைய புலப்பட (நில அளவை வரைபடம்) நகலை வைத்துக்கொண்டு முழித்தேன். கோட்டின் மேலுள்ள எண் அடியா, மீட்டரா? பக்கத்தில் இருந்த, ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா எட்டிப் பார்த்து, "இது சங்கிலிக் கணக்கு கண்ணு" என்றார். 1 சங்கிலி 66 அடி, அதாவது 100 லிங்க். 10 சதுரச் சங்கிலி 1 ஏக்கர். மஞ்சள் கறை படிந்த விரலால் கோடு கோடாகத் தொட்டு, தடப்பள்ளி வாய்க்கால் வளைவு வரை கூட்டிப்போனார். என் விண்ணப்பமே அந்த அரைமணி நேரத்தில் பிறந்ததுதான்.

பஸ் வந்ததும் கிளம்பிவிட்டார். ஐயா, உங்களுக்கு ரொம்ப நன்றிங்க.