டில்லியிடம் கேட்குமுன் பருத்தித்துறையில் அளந்துகொள்ளுங்கள்

மாண்புமிகு சுற்றாடல் அமைச்சர் அவர்களுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொழும்பின் வானம் மங்கும்போதெல்லாம், இந்தியாவிலிருந்து மாசு வருகிறது என்று ஓர் அறிவித்தல் வருகிறது. பிறகு மழை பெய்கிறது, பேச்சும் அடங்கிவிடுகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் குளிரும் மாசும் சேர்ந்து வந்து பாடசாலைகளையே மூடவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் நாம் அறிவித்தலைத் தாண்டிப் போகவில்லை. இந்தியாவிடம் முறைப்படி கேள்வி கேட்கும் காலம் வந்துவிட்டது என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆனால் கேட்பவர் கையில் அளவீடு இருக்கவேண்டும்.

அங்கே நடந்தது இதுதான். 2015 டிசம்பரில் இந்தியா தன் அனல் மின் நிலையங்களுக்குக் கந்தகவீரொட்சைட்டு வரம்பு விதித்தது. இரண்டு வருடத்தில் நிறைவேற வேண்டிய விதி அது. காலக்கெடு 2022 வரை நீண்டது, அதன் பின்னும் நீண்டுகொண்டே போனது. 2025 ஜூலையில் வந்த புதிய அறிவித்தலோ, ஐந்தில் ஏறத்தாழ நான்கு பங்கு அலகுகளுக்குக் கந்தக நீக்கி, அதாவது புகையிலிருந்து அந்த வாயுவைப் பிடிக்கும் கருவி, பொருத்துவதிலிருந்தே விலக்குக் கொடுத்துவிட்டது. புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருந்தால் போதுமாம். தலைநகர்ப் பகுதிக்கோ பத்து இலட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீற்றருக்குள் இருப்பவைதான் 2027 இறுதிக்குள் கட்டாயம் பொருத்தவேண்டும்.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, நிலையங்களைச் சுற்றிய காற்றில் அந்த வாயு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். இரண்டும் பொய்யல்ல. ஆனால் நமக்கு அவை பதிலாகா. 500 மெகாவாற்று அலகொன்று முழுச்சுமையில் நாளொன்றுக்கு 7000 தொன்னுக்கு மேல் நிலக்கரி எரிக்கும். கந்தகம் 0.4 சதவீதமே என்றாலும் 28 தொன் கந்தகம், அதாவது 56 தொன் வாயு. சாம்பலைப் பிடிக்கும் மின் வடிகட்டியில் இது அகப்படாது. உயர்ந்த புகைபோக்கி அதை அருகில் உள்ளவர் மூக்கிலிருந்து விலக்கித் தொலைவுக்கு அனுப்புகிறது. போகும் வழியில் அது அமோனியாவுடன் கூடி அமோனியம் சல்பேற்று என்னும் நுண்துணிக்கையாகிறது. ஒரு தொன் வாயு முழுவதும் மாறினால் இரண்டு தொன்னுக்குச் சற்று மேல் துணிக்கை. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகக் காற்று இரண்டு நாளில் ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் கடக்கும். விசாகப்பட்டினத்துக்கும் திருகோணமலைக்கும் இடையில் உள்ள தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான். புகைபோக்கியின் அடியில் வாயுவை அளந்துவிட்டு ஆபத்தில்லை என்பது, துணிக்கை பிறக்குமுன் அதைத் தேடுவதாகும்.

கந்தக நீக்கி, வாயுவைப் பிடிக்கப் பயன்படும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து காபனீரொட்சைட்டை வெளிவிடும் என்று விலக்கை ஆதரிப்போர் சொல்லும் வாதத்தையும் கணக்கிட்டுப் பார்த்தோம். 56 தொன் கந்தகவீரொட்சைட்டைப் பிடித்தால் சுமார் 39 தொன் காபனீரொட்சைட்டு வெளிவரும். அதே நாளில் அந்த நிலக்கரி எரிந்து வெளிவிடுவதோ ஏறத்தாழ 10,000 தொன். பம்பிகளும் ஊதிகளும் இழுக்கும் ஒன்று, ஒன்றரை சதவீத மின்சாரத்தைச் சேர்த்தாலும் இரண்டு சதவீதத்தை எட்டாது.

இனி நம் பக்கம். கொழும்பில் மட்டும் அளந்த தரவு நிற்காது. வடகீழ்க் காற்றில் சப்புகஸ்கந்தை எண்ணெய் ஆலைப் புகையும் நகருக்குள்தான் வரும், துறைமுகக் கப்பல்களின் புகையும் கலந்திருக்கும். இந்திய அதிகாரிகள் முதல் கேள்வியிலேயே இதைப் பிடித்துக்கொள்வார்கள். எனவே காற்று நாட்டுக்குள் நுழையும் இடங்களான பருத்தித்துறையிலும் முல்லைத்தீவிலும் ஒவ்வொரு மாதிரியெடுப்பான் வேண்டும். கொழும்பில் மூன்றாவது ஒப்பீட்டுக்கு.

பிஎம் 2.5 வெட்டி, அதாவது 2.5 மைக்ரோமீற்றருக்குட்பட்ட நுண்துணிக்கைகளை மட்டும் உள்ளே விடும் முனை, பொருத்திய கருவி நிமிடத்துக்கு 16.7 லீற்றர் இழுத்தால் 24 மணித்தியாலத்தில் 24 கனமீற்றர் காற்று 47 மில்லிமீற்றர் டெப்லோன் வடிதாள் வழியாகப் போகும். வடிதாளின் எடையைப் பார்த்தபின் படிந்ததை நீரில் பிரித்து, கரைந்த அயன்களைத் தனித்தனியே அளக்கும் அயன் நிறப்பகுப்பில் சல்பேற்று, அமோனியம், சோடியம் மூன்றையும் பாருங்கள். சோடியத்தை விட்டுவிடக்கூடாது, ஏனென்றால் கடலுப்பிலும் சல்பேற்று உண்டு. சோடியத்தின் திணிவை 0.25ஆல் பெருக்கி மொத்தச் சல்பேற்றிலிருந்து கழித்தால் மிஞ்சுவதே புகையின் கணக்கு. கரையோரத்தில் இதைக் கழிக்காத எந்த அறிக்கையையும் எதிர்த்தரப்பு ஒரு வரியில் தள்ளிவிடும். பத்து வடிதாளுக்கு ஒன்றைக் காற்று இழுக்காமல் வெற்றாகக் கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் பிழை வருவது கருவியில் அல்ல, வியர்வைக் கையால் தாளைத் தொடுவதிலும் குளிர்ப்பெட்டி இல்லாத பஸ் பயணத்திலும்தான்.

மணித்தியாலத் தரவை எப்படி வாசிப்பது என்பதிலும் கவனம் தேவை. காலையும் மாலையும் ஏறி நடுவில் இறங்கினால் அது பெரும்பாலும் நம் வாகனங்களின் மாசு. யாழ்ப்பாணத்தில் முதலில் ஏறி, பிறகு திருகோணமலை, கண்டி, கொழும்பு என்று வரிசையாக ஏறி, இரண்டு மூன்று நாள் இரவுபகலாக இறங்காமல் நின்றால் அது வெளியிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் நாட்களே அதிகம். முழுப் பழியையும் அயலவர் மீது போட்டால் நம் கணக்கே கெட்டுவிடும்.

தரவு கைக்கு வந்ததும் கேட்பதற்கு வழி இருக்கிறது. எல்லை கடக்கும் காற்று மாசு பற்றிய 1998 மாலே பிரகடனத்தில் இரு நாடுகளும் பங்காளிகள். முதல் கோரிக்கையாக, கிழக்குக் கரையோர நிலையங்களின் புகைபோக்கித் தொடர் அளவீடுகள் மணித்தியாலவாரியாக நமக்குக் கிடைக்கவேண்டும் என்று கேளுங்கள். கந்தக நீக்கி ஏற்கெனவே உள்ள இடங்களில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை மாற்றுவழிக் கதவை, அதாவது புகையைக் கந்தக நீக்கிக்குள் விடாமல் நேரே புகைபோக்கிக்கு அனுப்பும் கதவை, பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்தக் கதவைத் திறந்துவிட்டால், கோடிக்கணக்கில் செலவிட்ட கோபுரம் சும்மா நிற்கும். விலக்குப் பெற்ற கரையோர நிலையங்களை மறுபடி பரிசீலிக்கும்படியும் கேட்கவேண்டும். அங்கே நன்னீருக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் அலையவேண்டியதில்லை, கடல்நீரின் காரத்தன்மையே வாயுவை உறிஞ்சும். நம் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில் இருப்பது அந்த முறைதான்.

ஆகவே நுரைச்சோலையின் புகைபோக்கி அளவீடுகளை நாம் முதலில் பகிரங்கமாக வெளியிடவேண்டும். சப்புகஸ்கந்தைக்கும் அதே விதி. இதைச் செய்யாமல் டில்லிக்குக் கடிதம் போடுவதில் பயனில்லை.

வடகீழ்க் காற்று டிசம்பரில் நிலைகொள்ளும். காற்று மாறுமுன் உள்ள அளவும் தேவை என்பதால் கருவிகள் ஒக்டோபர் முடிவுக்குள் பொருத்தப்படவேண்டும். வடிதாள்களுக்கும் வெட்டிகளுக்கும் விலைமனு கோருவதை ஆகஸ்ட் மாதத்துக்குப் பிந்த விடாதீர்கள்.

இப்படிக்கு,
கொழும்பில் பணிபுரியும் இரசாயனவியல், பொறியியல் துறையினர் சிலர்