ஆம்பூலில் இருப்பது அன்பு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் முதியோர் பக்கத்தில் ஆக்ஸிடாசின் பற்றி வந்த கட்டுரையை நானும் என் வீட்டுக்காரரும் படித்தோம். ‘அன்பு ஹார்மோன்’ என்று தலைப்பு. முப்பத்தோரு வருடம் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள் நான். ஆக்ஸிடாசின் என்றால் எனக்குக் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் ஆம்பூல், அதாவது சின்ன மருந்துக் கண்ணாடிக் குப்பிதான் ஞாபகம் வரும். பிரசவ வலியைத் தூண்ட அதை டிரிப்ஸில் கலந்து, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணிக்கொண்டே இன்னொரு கையைத் தாயின் வயிற்றில் வைத்திருப்போம். கர்ப்பப்பை கல்லாக இறுகும், அப்புறம் தளரும். தளராமல் இறுகியே இருந்தால் டிரிப்ஸை உடனே நிறுத்தியாக வேண்டும். 1906-ல் ஆங்கிலேய ஆய்வாளர் ஹென்றி டேல் முதலில் கண்டதும் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் இந்த வேலையைத்தான். அன்புப் பட்டமெல்லாம் வெகுகாலம் கழித்து வந்தது.

சரி, பட்டம் இருந்துவிட்டுப் போகட்டும். ஒட்டாமல் பழகும் முதியவருக்கு ஆக்ஸிடாசின் குறைவு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ரத்தத்தில் ஓடும் ஆக்ஸிடாசின் சில நிமிடங்களிலேயே சிதைந்துபோகும். மூளைக்குள்ளும் அது எளிதில் நுழையாது. கையில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தை வைத்து மூளையில் நடப்பதை எப்படிக் கணக்குப் போடுவது? உளவியலாளர் ஷெல்லி டெய்லர் குழுவினர் 2006-ல் மாதவிடாய் நின்ற பெண்களிடம் பார்த்தபோது, உறவுகளில் இடைவெளியும் துணையோடு மனக்குறையும் இருந்தவர்களிடம்தான் ஆக்ஸிடாசின் கூடுதலாக இருந்தது. உங்கள் கட்டுரை சொன்னதற்கு நேர் எதிர். மூக்கில் அடிக்கும் ஆக்ஸிடாசின் ஸ்பிரே பிறர்மேல் வைக்கும் நம்பிக்கையைக் கூட்டும் என்று 2005-ல் பரபரப்பாக வந்த ஆய்வையும் குறிப்பிட்டிருந்தீர்கள். பின்னால் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை என்பதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

பிணைப்புப் பாங்கு, அதாவது நெருங்கியவர்களோடு ஒருவர் ஒட்டும் விதம், பற்றி எழுதியதும் அவசரக் கோலம்தான். இந்த ஆய்வைத் தொடங்கிவைத்த ஜான் பௌல்பியும் மேரி எய்ன்ஸ்வர்த்தும் பார்த்தது தாயைப் பிரிந்து தவிக்கும் குழந்தைகளை. 1987-ல் ஹேசன், ஷேவர் என்ற உளவியலாளர்கள் அதைப் பெரியவர்களின் காதலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் வந்த கேள்வித்தாள்கள் பலவும் துணையிடம் மனம் திறப்பதைப் பற்றியே கேட்கின்றன. எண்பது வயதில் துணையை இழந்தவர் அதில் எதை டிக் செய்வார்? விட்டுப்போய்விடுவார்களோ என்ற பதற்றம் வயதாக ஆகப் பொதுவாகக் குறைகிறது. குணத்தில் படபடப்பு தணிந்து நிதானம் கூடுகிறது. பழகும் வட்டமும் சுருங்கும். உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் சொல்வதுபோல, மிச்சமிருக்கும் காலத்தை வேண்டியவர்களோடு மட்டும் கழிக்கலாம் என்று முதியவர்கள் தாங்களே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. தனிமையில் வாடுகிறவர்கள் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு வயது 74. கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை, பேச்சும் கம்மி. உங்கள் கட்டுரையின் வகைகளில் போட்டால், நெருக்கத்தைத் தவிர்க்கும் ‘விலகும் பாங்கு’ என்று முத்திரை விழும். போன வருடம் எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. சொட்டு மருந்துக்கான நேரங்களை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவி, என் கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து, ஒரே ஒரு சொட்டு. “மூடிக்கோ” என்பார், அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. நாலு வாரத்தில் ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை. வார்டில் நாங்களே அவ்வளவு ஒழுங்காக சார்ட் எழுதியதில்லை.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அவர் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், “எனக்கு அது கம்மியா இருக்குமோ? ரத்தம் கொடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். அவருக்குப் பொடி எழுத்து படிக்க வராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்