விம் எடிட்டரின் உதவிப் பக்கங்களைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

1991ல் பிராம் மூலனார் வெளியிட்ட, நிரலும் உரையும் எழுதித் திருத்த உதவும் மென்பொருளான விம் எடிட்டரை, 2023 ஆகஸ்டில் அவர் மறைந்த பின்னும் தொய்வின்றி நடத்திவருகிறீர்கள். அந்த நன்றி மறவாமல்தான் இக்குறையைச் சொல்கிறேன். உங்கள் உதவிப் பக்கங்களில் தகவல் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தேடுகிறவர் வந்து நிற்கும் இடத்தில் அது இருப்பதில்லை என்பதே என் முறையீடு.

உள்தள்ளலை, அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை, எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு அமைப்புகள் உண்டு. டேப் எழுத்து ஒன்று திரையில் எத்தனை இடம் பிடிக்கும் என்பதை டேப்ஸ்டாப்பும், ஒரு படி உள்தள்ளல் எவ்வளவு என்பதை ஷிப்ட்விட்த்தும், டேப் விசையை அழுத்தினால் எவ்வளவு நகரும் என்பதை சாப்ட்டேப்ஸ்டாப்பும், டேப் எழுத்துக்குப் பதில் வெற்றிடங்களை இட வேண்டுமா என்பதை எக்ஸ்பாண்ட்டேப்பும் தீர்மானிக்கின்றன. ஷிப்ட்விட்த்துக்கு 0 கொடுத்தால் அது டேப்ஸ்டாப்பின் மதிப்பைக் கடன் வாங்கும். சாப்ட்டேப்ஸ்டாப்புக்குச் சுழியத்துக்குக் கீழான எதிர்மறை எண் கொடுத்தால் அது ஷிப்ட்விட்த்திடம் போய் நிற்கும். இப்படி ஒரே அடுப்பில் சமைத்துண்ணும் நால்வரையும் உதவிப் பக்கத்தின் ஆங்கில அகரவரிசை வெவ்வேறு மூலைகளில் குடிவைத்திருக்கிறது.

இதைவிடக் குழப்பமானது, எழுதி வைத்த அமைப்பு பலிக்காமல் போவது. புதிதாக வந்த ஒருவர், தம் விருப்பங்களை எழுதிவைக்கும் விம்ஆர்சி கோப்பில் ஷிப்ட்விட்த்தை 2 என்று வைக்கிறார். பைத்தான் நிரல்மொழியில் எழுதிய கோப்பைத் திறந்தால் அது 4 ஆக இருக்கிறது. கோப்பின் வகைக்கேற்ப அமைப்புகளை மாற்றும் துணை நிரலான கோப்பு வகை ப்ளகின் இயங்கும்போது, பைத்தானுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பாணி அவருடைய எண்ணின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதை நிறுத்தும் வழியும் எழுதப்பட்டுள்ளது, ஆனால் கோப்பு வகைகளுக்கான தனி உதவிக் கோப்பில், பைத்தான் என்னும் தலைப்பின் கீழ். தவறு பைத்தானில் இருக்கிறது என்று தெரிந்தவருக்கல்லவா அங்கே தேடத் தோன்றும்? 'வெர்போஸ் செட் ஷிப்ட்விட்த்?' என்று கேட்டால், கடைசியாக அந்த மதிப்பை மாற்றிய கோப்பின் பெயரை விம்மே சொல்லிவிடும். இந்த அருமையான கட்டளையைப் பற்றி உள்தள்ளல் அமைப்பு ஒவ்வொன்றின் விளக்கத்திலும் ஒரு வரி சேர்த்தாலே போதும்.

இன்னொன்று, 2016ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து தொடர்வது. பயனருக்கென்று விம்ஆர்சி இல்லாதபோது மட்டும், விம்முடன் வரும் இயல்பு அமைப்புகளின் கோப்பான டிஃபால்ட்ஸ்.விம் தானாக ஏற்றப்படுகிறது. நிரல் வரிகளுக்கு வண்ணம் தருவதும் அதுவே. எனவே ஒருவர் வெறுமையான விம்ஆர்சி ஒன்றை உருவாக்கிச் சேமித்த மறுகணம், கணினியின் பொது அமைப்பில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், நிரல் வரிகளின் வண்ணங்கள் மறைந்துவிடுகின்றன. ஒரு வரிகூட எழுதாதவர், தாம் எதையோ கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். (எழுதாமலே கெடுப்பது அரிய திறமைதான்.) பயனர் கையேட்டின் 5ஆம் அத்தியாயம் இதை நன்றாகவே விளக்குகிறது. விம்ஆர்சி பற்றிய குறிப்புப் பக்கத்தில் முதல் பத்தியிலேயே அந்த எச்சரிக்கையும், டிஃபால்ட்ஸ்.விம்மை நாமே அழைத்துக்கொள்ளும் வரியும் இடம்பெற வேண்டும்.

அகரவரிசையைக் கலைக்கச் சொல்லவில்லை. பழகியவர்களுக்கு அதுவே வசதி, நானும் அதைத்தான் புரட்டுகிறேன். மேலே சொன்ன நான்கு அமைப்புகளுக்கும் விம்ஆர்சிக்கும் சேர்க்க வேண்டிய வரிகளை எழுதி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன். ஒவ்வொன்றும் மூன்று வரிக்கு மேல் போகாது. எந்த வடிவில் அனுப்பினால் உங்களுக்குத் திருத்தும் வேலை குறையும் என்று தெரிவித்தால் அவ்வாறே செய்கிறேன்.

இப்படிக்கு,
விம் பயனர் ஒருவர்