மெட்டாலிகாவின் இரண்டாவது ஆல்பம்: வாசகர் கருத்துகளுக்குச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் இரண்டாவது ஆல்பமான 'ரைட் த லைட்னிங்' பற்றி இசைப் பக்கத்தில் வந்த வாசகர் கருத்துகளைப் படித்தேன். பிடிப்பதும் பிடிக்காததும் அவரவர் ரசனை. ஆனால் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன: முதல் ஆல்பத்தின் மூர்க்கத்தைக் கைவிட்டுவிட்டார்கள், பேஸ் (தாழ்ந்த ஒலி தரும் கிட்டார்) கேட்கவே இல்லை, குரல் அமுங்கிக் கிடக்கிறது. முதல் குறை குழுவின் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. மற்ற இரண்டும் பெரும்பாலும் கேட்கும் கருவியால் வருபவை.

முதல் ஆல்பமான 'கில் எம் ஆல்' 1983 ஜூலையில் வெளியானது. கிட்டார் கலைஞர் கிர்க் ஹாமெட் குழுவில் சேர்ந்து சில வாரங்களிலேயே அதன் பதிவு நடந்தது. அவர் வருவதற்கு முன்பே பாட்டுகள் தயாராக இருந்தன. இரண்டாவது ஆல்பம் 1984 பிப்ரவரி, மார்ச்சில் கோபன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் ஃப்ளெமிங் ராஸ்முசெனுடன் பதிவானது. எட்டுப் பாட்டுகளில் ஆறின் இசையமைப்பில் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டனின் பெயர் இருக்கிறது, நான்கில் ஹாமெட்டின் பெயர். இசைக் கோட்பாடு படித்தவர் பர்ட்டன். இரண்டு கிட்டார்கள் இணைசுரத்தில் நகரும் இடங்களும், அக்கூஸ்டிக் கிட்டாரில் தொடங்கும் முகப்பும் வந்தது இந்தச் சேர்க்கையால்தான்.

ஒரே ஆண்டில் குணம் மாறிவிட்டது என்போர் பாட்டுகளின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். தலைப்புப் பாட்டிலும் கடைசியில் வரும் 'த கால் ஆஃப் க்டூலு'விலும் குழுவின் முன்னாள் கிட்டார் கலைஞர் டேவ் மஸ்டைனின் பெயர் உண்டு. அவர் முதல் ஆல்பம் பதிவாகும் முன்பே குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 'க்ரீப்பிங் டெத்' நடுவில் கூட்டமே சேர்ந்து கத்தும் பகுதியின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி), ஹாமெட் தன் பழைய குழுவான எக்சோடஸிலிருந்து கொண்டுவந்தது. ஆக, இந்த ஆல்பத்தின் ஒரு பகுதி 'கில் எம் ஆல்' வெளிவரும் முன்பே கருக்கொண்டுவிட்டது. மூர்க்கத்தைத் தேடுவோருக்கு 'ஃபைட் ஃபயர் வித் ஃபயர்' இருக்கிறது. அந்த மெல்லிய முகப்பு முடிந்ததும் வரும் வேகம் முதல் ஆல்பத்தின் எந்தப் பாட்டுக்கும் சளைத்ததல்ல.

'ஃபேட் டு பிளாக்' மீதான கோபம் 1984-லேயே எழுந்தது. மெதுவான பாட்டு என்றதும் விலைபோய்விட்டார்கள் என்றார்கள் பழைய ரசிகர்கள். அதன் கட்டமைப்பைக் கவனித்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. பாடப்படும் பல்லவி என்று ஒன்று அதில் கிடையாது. சரணம் முடிந்து பல்லவி வரவேண்டிய இடத்தில் சொல்லே இல்லாமல் ஒரு கனமான ரிஃப் வந்து உட்காருகிறது. பிறகு வேகம் கூடி, நீண்ட கிட்டார் சோலோவில் போய் முடிகிறது. வானொலிக்காகச் செய்த பாட்டுக்கு ஏறக்குறைய 7 நிமிடமும் பல்லவி இல்லாத அமைப்பும் எதற்கு? பலவீனமான பாட்டு எது என்று கேட்டால் 'எஸ்கேப்' என்பேன். குழுவுமே அதை 2012 வரை மேடையில் தொடவில்லை.

ஒரு கருத்தில் 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' முகப்பு ஹாமெட்டின் கிட்டார் என்று வந்திருந்தது, தயவுசெய்து திருத்துங்கள். மணியோசைக்குப் பின் நெளிந்து இறங்கும் அந்த வரி பர்ட்டனின் பேஸ். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் தொனியை நெளிக்கும் 'வா-வா' பெடலும் போட்டு, கருவியின் கழுத்தில் மேல்சுரங்கள் வரும் பகுதியில் வாசித்ததால் கிட்டார் போல ஒலிக்கிறது. பேஸ் கேட்கவில்லை என்று எழுதியவர்களில் பலர் அதைக் கேட்டிருக்கிறார்கள், பேஸ் என்று தெரியாமல்.

இனி கருவிக்கு வருகிறேன். பேஸின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் தடித்த தந்தி 82. கைபேசியின் சிறு ஸ்பீக்கர் இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தராது. மேல்சுரங்கள் மட்டுமே காதுக்கு வரும். இயர்போனாக இருந்தால் ரப்பர் முனை காதை இறுக அடைக்க வேண்டும். சிறிது இடைவெளி விட்டாலும் முதலில் தொலைவது பேஸ்தான். ஒரு அளவு பெரிய முனை மாட்டிப் பாருங்கள்.

குரல் அமுங்குவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈக்வலைசரை, அதாவது ஒலியின் தாழ்ந்த, நடு, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதியை. 'ராக்' என்ற பெயரில் வரும் அமைப்புகள் பலவும் இரு ஓரங்களையும் உயர்த்தி நடுவைத் தாழ்த்துகின்றன. குரலும் கிட்டாரின் கடிப்பும் இருப்பது அந்த நடுவில், சுமார் 400 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை. ஈக்வலைசரை முழுவதும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். குரலிலும் டிரம்ஸிலும் எதிரொலி தாராளமாக இருப்பது உண்மை. அது பதிவிலேயே உள்ளது, அந்தக் குறையை ஏற்கிறேன்.

1984 பதிப்பையும் 2016 மறுமாஸ்டரிங் (ஒலியைப் புதிதாகச் சீரமைத்த) பதிப்பையும் ஒப்பிடுவோர் ஒலியளவைச் சமன்செய்யாமல் தீர்ப்பு சொல்கிறார்கள். சற்று உரக்க ஒலிப்பது காதுக்குத் தரமானதாகவே தோன்றும். ஒரே பாட்டில் சீராக ஓடும் 30 வினாடிப் பகுதியை எடுத்து, ஒலி அளக்கும் செயலியில் இரண்டும் 1 டெசிபலுக்குள் வருமாறு வைத்துப் பிறகு மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும்.

இசைத்தட்டில் கேட்போருக்கு ஒன்று. பக்கத்துக்கு ஏறக்குறைய 24 நிமிடம் என்பது நெருக்கமான பதிவு. 'ஃபேட் டு பிளாக்'கும் 'க்டூலு'வும் தட்டின் உள்வட்டத்தில் விழுகின்றன. அங்கே ஊசிக்கடியில் பள்ளம் நகரும் வேகம் குறைவு. தேய்ந்த ஊசியானால் முதலில் கரகரப்பது இந்த இரண்டும்தான். பழியைப் பதிவின் மேல் போடுமுன் ஊசியை மாற்றிப் பாருங்கள். கூடவே கிட்டார் வாசிப்போரும் கவனிக்கவும்: ஆல்பத்தின் சுருதி வழக்கமான 440 ஹெர்ட்ஸ் அளவைவிடச் சற்று உயர்ந்தது. ட்யூனரை நம்பாமல் தடித்த தந்தியைப் பாட்டோடு சேர்த்துச் சுருதி வையுங்கள்.

அடுத்த முறை இத்தகைய கருத்துகளை வெளியிடும்போது, எந்தப் பதிப்பை எதில் கேட்டார் என்று ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்