பால்கல்லின் முன் பத்து நிமிடம்

ஆசிரியருக்கு,

ஜெர்மன் கலைஞர் வொல்ஃப்காங் லைபின் படைப்புகளை அண்மையில் ஒரு கண்காட்சியில் பார்த்தேன். மருத்துவம் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர். வெள்ளைப் பளிங்குப் பலகையின் மேற்பரப்பை லேசாகக் குழித்து, விளிம்புவரை பால் ஊற்றியிருந்தார்கள். கல் எது, பால் எது என்று கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. 'பால்கல்' என்று 1975இல் அவர் தொடங்கிய படைப்பு வரிசை இது. பால் கெட்டுவிடும் என்பதால் தினமும் துடைத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். கல்லுக்கு எத்தனை யுகமோ, அதன் மடியில் இருப்பதற்கு ஒரே நாள் ஆயுள்!

அப்புறம், அவரே பொறுமையாகச் சேகரித்த மகரந்தத்தைத் தரையில் சலித்து உருவாக்கிய மஞ்சள் பரப்பு. தும்மல் வந்துவிடுமோ என்று பயந்தேன்.

ஒரே குறை, பக்கத்திலேயே நீளமான விளக்கப் பலகை. பார்ப்பதற்கு முன்பே அர்த்தம் சொல்லிவிட்டால் எப்படி? அதை வெளியேறும் வாசலில் வைக்கலாமே.

- ஒரு வாசகர்