தொட்டிக்கு அடியில் சூடு

அன்புள்ள செந்திலுக்கு,

கடிதமும் படங்களும் வந்தன. பாப்பா பள்ளியில் சேர்ந்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை பிந்திவிட்டது. கிணறு இன்னும் ஊறவில்லை. சரி, உன் டெக்சாஸ் பண்ணை வண்டிக்கு வருகிறேன். பின்னால் சாமான் ஏற்றும் பிளாஸ்டிக் தொட்டி சூட்டில் உப்புகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய்.

இந்த மாதிரி வண்டியில் எஞ்சினும் சைலன்சரும் பின் தொட்டிக்கு நேர் கீழேயே இருக்கும். புகை நாலைந்து அடி ஓடி ஆற இடமே இல்லை. தொட்டி பாலிஎத்திலீன், 130 டிகிரியை நெருங்கினால் உருகும், அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். உன் படத்தில் தொட்டியின் தரை மேல்நோக்கி உப்பியிருக்கிறதல்லவா? ஒரு மீட்டர் நீளத் தரை 50 டிகிரி ஏறினால் ஐந்தாறு மில்லிமீட்டராவது நீளும். சுற்றிலும் போல்ட் பிடித்திருப்பதால் போக இடமில்லாமல் மேலே எழும்புகிறது. பாரத்தால் என்றால் கீழே தொய்ந்திருக்கும்.

வண்டி முழுதும் ஆறியபின் தொட்டியைத் தூக்கிப் பார். சைலன்சர் மேலே வைக்கோல், காய்ந்த புல், எலிக்கூடு எது இருந்தாலும் எடு. தீ பிடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பிறகு மேனிஃபோல்டு கேஸ்கெட்டை, அதாவது எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் ஒழுகாமல் அடைக்கும் பட்டையைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா பார். அங்கே ஒழுகினால் சூடான புகை நேராகப் பிளாஸ்டிக்கில் அடிக்கும், எந்தத் தகடு வைத்தும் பயனில்லை.

அடுத்து ஹீட் ஷீல்டு, சைலன்சர் சூடு தொட்டியில் படாமல் தடுக்கும் தகடு. அதிர்வில் போல்ட் துளை அகன்று தகடு ஆடும், ஒரு நாள் கழன்று விழும். அமெரிக்காவிலேயே ரேஞ்சர் என்ற இதே மாதிரி வண்டிகளில் இந்தத் தகடு கழன்று விழுந்த விஷயமும் சேர்ந்துதான் 2018இல் அதைத் தயாரிக்கும் போலாரிஸ் கம்பெனிக்கு 2.725 கோடி டாலர் அபராதம் வந்தது. துளை அகன்றிருந்தால் அகலமான வாஷர் போடு.

கூடுதல் தகடு வைப்பதானால் 1 மி.மீ. அலுமினியம் போதும். தொட்டிக்கும் அதற்கும் 20 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்டீல் ஸ்பேசரில் (இடைவெளிக்காக நடுவில் வைக்கும் குழாய்த் துண்டு) நிறுத்து. முன்னும் பின்னும் திறந்திருந்தால்தான் காற்று ஓடிச் சூட்டை வெளியே கொண்டுபோகும். அந்த இடைவெளியில் கண்ணாடிப் பஞ்சு திணிக்காதே. தண்ணீரும் சேறும் குடித்து ஊறிக் கிடக்கும். சேறு அப்பினால் அலுமினியத்தின் பளபளப்பும் போச்சு, அதோடு பாதிப் பலனும் போச்சு; அவ்வப்போது துடைக்கணும். சைலன்சர் குழாயில் சூடு தாங்கும் துணி நாடா சுற்றச் சொல்வார்கள். சாதா இரும்புக் குழாய் என்றால் ஈரம் தேங்கி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், நான் சொல்ல மாட்டேன்.

சூட்டை அளக்க லேசர் தெர்மாமீட்டரைப் பளபளப்பான தகட்டில் காட்டாதே, குறைவாகவே காட்டும். ஒரு புள்ளியில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து அங்கே காட்டு. வண்டியை நிறுத்தி ஐந்து நிமிஷம் கழித்தும் ஒரு தடவை அள. ஓட்டத்தில் வரும் காற்று நின்றதும் தொட்டிச் சூடு கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

தொட்டித் தரையில் நீ விரித்திருக்கும் ரப்பர் பாயை முதலில் எடுத்துவிடு. அது சூட்டை மேலே போகவிடாமல் பிளாஸ்டிக்கிலேயே அடைத்து வைக்கிறது. பாரத்துக்கு அடியில் இரண்டு மரச்சட்டம் போடு. பெட்ரோல் கேனைச் சைலன்சர் இல்லாத பக்கம் கட்டு. நிரப்பும்போது மட்டும் வண்டியிலிருந்து இறக்கி மண் தரையில் வை. பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி வர வாய்ப்புண்டு.

தகட்டின் நீள அகலம் எழுதி அனுப்பு, ஸ்பேசர் எங்கெங்கே வரணும் என்று வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
முருகேசன்