பூக்காரம்மாவுக்கும், தெப்பக்குளத்தில் என்னோடு நடந்தவர்களுக்கும்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடக்கும் அத்தனை பேருக்கும், எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கும், என் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு எப்படி இருக்கிறது என்று காட்டும் டி.எஸ்.எச். அளவு ஒழுங்குக்கு வந்துவிட்டது. மனநல டாக்டரம்மாவும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதே மாத்திரை, இதே அளவு. மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்றார். வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய்விட்டார். நல்ல சேதிக்கு நான் அழுது அவர் பார்த்து ரொம்ப நாளாகிறது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட மனசில்லை.

பங்குனியில் மனச்சோர்வில் எனக்கு என்ன நடந்தது, ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

முதலில், கோயில் பக்கம் பூக்கூடை வைத்திருக்கும் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நானே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டப்போகிறேன்.

வைகாசியில் என் வீட்டுக்காரர் என்னைத் தினமும் வண்டியில் கொண்டுவந்து வடகரையில் இறக்கிவிடுவார். "ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து" என்பார். ஒரு சுற்று என்பது ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நல்ல உடம்புக்கு அது கால் மணி நேர நடை. எனக்கு அப்போது அழகர்கோயில் வரை நடந்து போகச் சொன்ன மாதிரி இருந்தது. சுற்றுச்சுவரில் உட்கார்ந்துகொள்வேன். கடந்து போகிறவர்கள் "நடங்க டீச்சர், நடந்தா எல்லாம் சரியாயிரும்" என்பார்கள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் செய்யாத ஒன்றை யாரோ நினைவுபடுத்திவிட்டுப் போவதாகவே காதில் விழும்.

ஒரு நாள் பூக்காரம்மா கூடைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "தாயி, சும்மாதான உக்காந்திருக்க? இதக் கொஞ்சம் தென்கரை டீக்கடையில குடுத்துட்டு வந்துர்றியா? பேரன் இன்னும் எந்திரிக்கல. எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது."

வாழையிலையில் சுற்றி நாரால் கட்டிய பொட்டலம். உள்ளே சாமி படங்களுக்கான சரம், துண்டு துண்டாக. இலை மடிப்பின் வழியாகத் தண்ணீர் கசிந்து மணிக்கட்டில் இறங்கியது. நான் சரி என்றுகூடச் சொல்லவில்லை. பொட்டலம் கைக்கு வந்துவிட்டது, எழுந்துவிட்டேன். முதல் டீயை ஊற்றுவதற்கு முன்னால் படத்துக்குப் பூ சார்த்தி ஊதுபத்தி கொளுத்துவது அந்தக் கடைக்காரரின் வழக்கமாம். "வெரசாப் போ தாயி, அவன் காத்துக்கிட்டு இருப்பான்" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. கீழ்க்கரை வழியாக வேகமாகப் போனேன். கொடுத்தேன். கடைக்காரர் "வாங்கம்மா" என்று வாங்கி நாற்காலி மேல் ஏறிச் சார்த்தினார். அப்புறம் வந்த வழியே திரும்புவதும் ஒன்றுதான், மேலக்கரை வழியாக வருவதும் ஒன்றுதான் என்று அப்படியே வந்தேன். வடகரையில் வந்து நின்றபோதுதான் ஒரு சுற்று முடிந்திருப்பது தெரிந்தது.

மறுநாளும் பொட்டலம் தயாராக இருந்தது. அதற்கு மறுநாள் ஜெராக்ஸ் கடைக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம்.

பூக்காரம்மா கேட்ட அந்தக் கேள்விக்கு ஏன் அவ்வளவு பலம் என்று பல மாதமாக யோசித்திருக்கிறேன். அந்த நாட்களில் எல்லாரும் எனக்காக ஓடிக்கொண்டிருந்தார்கள். சமைத்தார்கள், துவைத்தார்கள், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். என்னிடம் மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை. வீட்டில் உப்பு தீர்ந்தால்கூட என் காதுக்கு வராது. எல்லாம் அக்கறையில்தான். ஆனால் 'நீ யாருக்கும் வேண்டாதவள்' என்று எனக்குள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த பேச்சு இருக்கிறதே, அதற்கு இது சாட்சி சொல்வதுபோல ஆகிவிட்டது. பூக்காரம்மாவுக்கு என் நோயைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. போக வேண்டிய பூ இருந்தது, எதிரே ரெண்டு காலும் நல்லா இருக்கிற ஒருத்தி இருந்தாள். கேட்டார். என்னைக் குணப்படுத்த வேண்டும் என்று நினைக்காமல் என்னிடம் உதவி கேட்ட ஒரே மனுஷி அவர்தான்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். மனச்சோர்வுக்கு இப்படி ஒரு சிகிச்சை முறையே இருக்கிறதாம், பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று உட்கார்ந்திருந்தால் மனசு வராது. சின்னதாக ஒரு காரியத்தை, நேரம் குறித்து, பிடிக்கிறதோ இல்லையோ செய்யத் தொடங்கினால் மனசு பின்னாலேயே வரும். அவர் இதைத்தான் முதல் நாளிலிருந்து எனக்குச் சொல்லியிருந்தார். தாளில் கட்டம் போட்டும் கொடுத்திருந்தார். கட்டம் மேசை மேலே கிடந்தது. பூ கைக்கு வந்ததும் கால் நகர்ந்தது. வேகத்தையும் கேட்டுக்கொண்டார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகமாம். டீக்கடைக்காரர் காத்திருக்கும் வேகம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

இன்னொன்றும் தானாகவே அமைந்தது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி, டீ, சாப்பாடு எதுவும் கூடாது. அந்த ஒரு மணி நேரம்தான் முன்பெல்லாம் எனக்கு மோசமான நேரம். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். இப்போது மாத்திரை போட்டதும் கிளம்பிவிடுகிறேன். பூவைக் கொடுத்துவிட்டு, சுற்றை முடித்துத் திரும்பி வரும்போது டீ குடிக்கும் நேரமாகிவிடுகிறது.

நான் அதிகம் நன்றி சொல்ல வேண்டியது இதற்கெல்லாம் அப்புறம் நடந்ததற்கு. ஆடியில் ஒரு வாரம் என்னால் எழவே முடியவில்லை. ராத்திரியில் உடம்பு திடீர் திடீரென்று தீயாகக் கொதிக்கும், நைட்டி தொப்பலாக நனையும், அப்புறம் குளிரும். தூக்கம் போனது, தூக்கத்தோடு மனசும் போனது. போனில் நடைக்கணக்குப் பார்க்கும் செயலி ஒன்றை மகள் போட்டுக் கொடுத்திருந்தாள். தொடர்ந்து நடந்தால் எண் ஏறிக்கொண்டே வரும், ஒரு நாள் விட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த அன்றைக்கு மறுபடி தொடங்கவே கூடாது என்று தோன்றியது. கூச்சத்தோடுதான் கோயில் பக்கம் போனேன். பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. இத்தனை நாள் வரவில்லையே என்று சொல்லவில்லை. "வந்துட்டியா, இந்தா" என்று பொட்டலத்தை நீட்டினார். அவ்வளவுதான். இந்த வருஷம் எனக்குக் கிடைத்ததில் பெரியது எது என்று யாராவது கேட்டால், அந்த "இந்தா"தான் என்று சொல்வேன்.

என் வயதில் இருக்கும் பெண்களுக்கு இது புரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருஷங்களில் ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராக இறங்குவதில்லை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறித்தான் குறைகிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து விலக்கு வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதுவரை ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறுவாரம் ஏன் என்றே தெரியாமல் கவிழ்த்துவிடும். இந்தக் காலகட்டத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் அதிகம். கூடவே தைராய்டு குறைந்தால் அதே அசதி, அதே எடை, அதே மந்தம். எது எதனால் என்று நம்மாலேயே பிரிக்க முடியாது, பரிசோதனை செய்தால்தான் தெரியும். இப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு ஒரு நாளும் விடாமல் நடப்பேன் என்று சபதம் எடுத்தால் அது உடைந்துதான் போகும். விட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குத்தான் ஏற்பாடு வேண்டும்.

நடந்தால் அந்த உடம்புக் கொதிப்பு நின்றுவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். தூக்கத்துக்கும் மனசுக்கும் எலும்புக்கும் உடற்பயிற்சி நல்லது, அது போதும் எனக்கு. எலும்புக்கும் தசைக்கும் நடை மட்டும் பற்றாது என்பதால் வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் கைபிடிக்காமல் உட்கார்ந்து எழுகிறேன், சுவரில் கை ஊன்றித் தள்ளுகிறேன்.

அப்புறம், நான் தேறியதைப் பார்த்துவிட்டு, "பார்த்தியா, வாக்கிங்லயே சரியாயிருச்சு, மாத்திரை எல்லாம் எதுக்கு" என்று சில பேர் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தத்தில் சரியாகத் தெரியும். மனச்சோர்வு மாத்திரையும் வேலை செய்யச் சில வாரம் எடுத்துக்கொள்ளும். அந்த மாத்திரைகள் இல்லாவிட்டால் பொட்டலம் வாங்க எழுந்து நிற்கும் தெம்பே எனக்கு வந்திருக்காது. என்னைப் பார்த்து யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என் மனசு தாங்காது.

மற்ற எல்லாருக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்கிறேன், குறைவாக நினைக்க வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட டாக்டரம்மாவுக்கு. என் வகுப்பைப் பங்குபோட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை முகம் சுளிக்காத பள்ளித் தோழிகளுக்கும், முதல் பாடவேளையை மாற்றிக் கொடுத்த தலைமை ஆசிரியைக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எடுத்து, நான் அழுது முடிக்கும்வரை இணைப்பை விடாமல், தமிழில் பேசிய முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு. எதிர்வீட்டு அக்காவின் ரசத்துக்கு. கோயம்புத்தூர் விடுதியிலிருந்து தினமும் கூப்பிட்டு, நான் பேசாவிட்டாலும் அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்த என் மகளுக்கு. விடியற்காலையில் வண்டியை எடுத்த என் வீட்டுக்காரருக்கு. அவருக்கு எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. தெப்பக்குளத்தில் "என்ன டீச்சர், இன்னைக்குச் சம்பங்கியா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போகிற உங்கள் எல்லாருக்கும். மல்லி கொட்டிக் கிடந்த வைகாசியில் தொடங்கியது, பனியில் மல்லி வரத்துக் குறைந்து சம்பங்கியும் செவ்வந்தியும் சுமக்கும் இந்தக் கார்த்திகை வரைக்கும் வந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் ஆசிரியர் அறைப் பலகையில் 14416 என்று எழுதி வைக்கப்போகிறேன். யாருக்காவது மாதவிடாய் தாறுமாறாகி, காரணமில்லாமல் அழுகை வந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். டாக்டரிடம் கூட வருகிறேன். உடம்பு முடியாமல் வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும்போது பழத்தோடு ஒரு வேலையும் கொண்டுபோவேன். ரெண்டு நோட்டுத் திருத்தித் தருவீங்களா என்று கேட்பேன். முடியாது என்றால் அடுத்த வாரம் மறுபடி கேட்பேன்.

இப்போது உங்களிடம் ஓர் உதவி. பூக்காரம்மாவின் முட்டி நாளுக்கு நாள் மோசமாகிறது. வருகிற செவ்வாய்க்கிழமை அவரைப் பெரியாஸ்பத்திரி எலும்புப் பிரிவுக்கு அழைத்துப் போகிறேன். காலை ஐந்தரைக்கே கிளம்பினால்தான் சீட்டு வாங்க முடியும். பேரனுக்கு அன்றைக்குப் பரீட்சை. கூடைப் பக்கத்தில் பத்து மணி வரை உட்கார ஒருவர் வேண்டும், முழம் போடத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. தென்கரை டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் பொட்டலம் கொண்டுபோக இன்னொருவர் வேண்டும். டீக்கடைக்கு ஐந்தே முக்காலுக்குள் போய்விட வேண்டும். முடிந்தவர்கள் திங்கள் காலை வடகரையில் என்னிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்